அக்காவுக்குப் பிடித்தவையும் பிடிக்காதவையும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், புத்த விகாரத்தில் வந்தனம் முடித்துவிட்டு வீட்டுக்கும் வந்து எங்களோடு அமர்ந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்காவைப் பற்றி நீதான் எழுதிப் படிக்க வேண்டும் என்று எல்லோரும் என் தலையில் கட்டிவிட்டார்கள். எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரியவில்லை. அவருக்குப் பிடித்தவற்றைச் சொன்னாலே முக்கால் வாழ்க்கையைச் சொன்ன மாதிரிதான். அவருக்குப் பிடித்ததுதான் எங்கள் எல்லோருக்கும் பிடித்தது. பிடிக்கவில்லை என்று சொல்லும் தைரியம் எங்களில் யாருக்கும் இருந்ததில்லை.

அக்கா மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா சுரங்கத்தில் ஷிப்டு பார்த்தவர். அம்மா நான் விவரம் அறியும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால், எனக்குச் சோறு ஊட்டியதும் சட்டை எடுத்ததும் அக்காதான். கட்டம் போட்ட சட்டைதான் ஆம்பிளைக்கு அழகு என்பது அவருடைய கட்சி. எனக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகும் தீபாவளிக்கும் புத்த பூர்ணிமைக்கும் கட்டம் போட்ட சட்டைதான் வந்தது. இப்போதும் ஒன்றைத்தான் போட்டிருக்கிறேன்.

அதே சுரங்கத்தை ஒட்டிய ஸ்கெலட்டன் குடியிருப்பில் வாழ்க்கைப்பட்டார். மகள் கௌதமி பிறந்தாள். சுரங்கத்தை மூடியபோது மாமாவுக்கு வேலை போயிற்று. பின்னாலேயே நெஞ்சுச் சளி முற்றி மாமாவும் போய்விட்டார். அக்கா அழுது முடித்து, முகம் கழுவி, பெங்களூருக்கு ரயிலேறினார். தையல் கம்பெனியில் காலர் வைக்கும் வேலை. விடியும் முன் கிளம்பி, இருட்டிய பிறகு திரும்பும் பிழைப்பு அது. அந்தச் சம்பளத்தில்தான் கௌதமி படித்தாள்.

அந்த ரயிலில் பெண்கள் பெட்டியில் அக்கா ஒரு பழக்கத்தை உண்டாக்கினார். சனிக்கிழமையானால் ஒவ்வொருத்தியும் தனக்குப் பிடித்த ஒன்றைக் கொண்டுவந்து மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். தின்பதாக இருக்கலாம், பாட்டாக இருக்கலாம், புடவைத் தலைப்பில் போட்ட பூவேலையாகக்கூட இருக்கலாம். அக்கா கத்தரிக்காய் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொண்டுபோவார். இல்லாவிட்டால் மாத நாவல் கொண்டுபோவார். நாவலைக் கொடுக்கும்போதே கொலைகாரன் யாரென்றும் சொல்லிவிடுவார். "முடிவு தெரிஞ்சிகினா பயப்படாம படிக்கலாம் பாரு" என்பார். துணியில் நூலால் அன்னப்பறவை போட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு, எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். இதைக் கேட்கிற பலர் வீட்டுச் சுவரில் அந்த அன்னம் இன்னும் இருக்கும். கழற்றி வைத்தவர்கள் அக்கா வரும்போது திரும்ப மாட்டியதும் எனக்குத் தெரியும்.

கொடுக்கத் தெரிந்த அளவுக்கு அக்காவுக்கு வாங்கத் தெரியாது. பங்காருப்பேட்டையில் ஏறும் ஜெயம்மா ஒரு சனிக்கிழமை ராகி முத்தே என்னும் களி உருண்டையும் கீரைச் சாறும் கொண்டுவந்தார். அக்கா அதை வாயில் போட்டு மென்றுவிட்டார். முழுங்க வேண்டிய முத்தேயை யாராவது மெல்லுவார்களா? அது பல்லில் அப்பிக்கொண்டு, வாயைத் திறக்க முடியாமல் அக்கா திணற, பெட்டியே சிரித்திருக்கிறது. "சிமெண்ட் உருண்டைமா அது" என்று அன்று சொன்னவர், வேலையை விட்டு நின்ற பிறகும் அந்த வார்த்தையை மாற்றவில்லை.

அக்காவுக்குப் பிடிக்காத ஒன்றை நான் ஒரே ஒரு முறைதான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி ரீட்டா. கத்தோலிக்கப் பெண், பக்கத்து லைனில் நானே பார்த்து, நானே பேசி, பதிவு அலுவலகத்தில் கட்டிக்கொண்டவள். அக்கா சண்டை போடவில்லை. மரியாதைக்குக் குறைவாக ஒரு சொல் சொன்னதில்லை. குழம்பு வரும், புடவை வரும், அன்னமும் வந்தது. ஆனால் "உனக்கு எது வேணும்" என்று மட்டும் ரீட்டாவைக் கேட்டதே இல்லை. என் வாழ்க்கையில் இருந்த இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் விருந்தாளி மாதிரி நடத்தியதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு நொந்துபோனது. அக்கா ஒரு நாளாவது அவளைத் தன் வீட்டுப் பெண்ணாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசையாக இருந்தது.

பிறகு நோய் வந்தது. வைத்தியத்தில் அக்காவின் நாக்கில் ருசி அற்றுப்போனது. கௌதமி கருவாட்டுக் குழம்பு வைத்தாள். நான் ஆட்டுக்கால் பாயா வாங்கிவந்தேன். அக்கா ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"எல்லாம் அட்டையைத் தின்ற மாதிரி கீதுடா. ஒண்ணும் பிடிக்கல."

ரேடியோவையும் அணைக்கச் சொன்னார். நாவலைப் புரட்டக்கூட இல்லை. நோயைவிட அந்த 'ஒண்ணும் பிடிக்கல'தான் எங்களைப் பயமுறுத்தியது. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் ரீட்டா பார்த்துக்கொண்டாள். அப்போதும் இருவருக்கும் பேச்சு அதிகமில்லை.

ஒரு நாள் ஜெயம்மா பார்க்க வந்தார். வழியில் பசித்தால் சாப்பிட என்று தனக்காகக் கொண்டுவந்த டப்பாவைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திறந்தார். முத்தேதான். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குக் கொஞ்சம் குடு."

"வேணாம் அக்கா, கேலி பண்றதுக்கா?"

"குடுன்றேன் இல்ல."

ஜெயம்மா ஒரு துண்டைக் கிள்ளி, சாற்றில் புரட்டி, வாயில் வைத்து, "அகியபேடி அக்கா, மெல்லாதீங்க. அப்படியே முழுங்குங்க" என்றார். அக்கா கண்ணை மூடி விழுங்கினார். இன்னொரு துண்டு கேட்டார். இன்னொன்றும் கேட்டார்.

"ருசி தெரிலனா இன்னா? சூடா எறங்கறது தெரியுது. நல்லா கீது ஜெயம்மா."

அந்த இடத்திலேயே ஜெயம்மா அழுதுவிட்டார். நானும்தான்.

மறுநாளிலிருந்து அக்காவுக்குப் புது வேலை கிடைத்துவிட்டது. "நான் வேணான்னு சொன்னதெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துகினு வாங்க, பார்ப்போம்" என்று உத்தரவு போட்டார். கௌதமியின் போனில் இந்தக் காலத்துப் பாட்டுகளைக் கேட்டார். "ரெண்டாவது பாட்டு பரவால்ல. மத்ததெல்லாம் தகரத்தை உருட்டறாங்க" என்றார். காலமெல்லாம் திட்டிய கிளிப்பச்சைப் புடவையைக் கட்டிவிடச் சொல்லி, கண்ணாடியில் பார்த்து, "இதுல நான் சொன்னதுதான் சரி, கழட்டு" என்றார். வீடு பழையபடி கலகலப்பாகிவிட்டது.

அப்படி ஒரு சாயங்காலம், புடவையை மடித்துக்கொண்டிருந்த ரீட்டாவை அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, உனக்கு இன்னா பிடிக்கும்?"



"ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணும் பிடிக்காம ஒரு மனுஷி இருப்பாளா? சொல்லு."

ரீட்டா கொஞ்சம் வெட்கப்பட்டாள். "சூடான டீயில வர்க்கியை முக்கி, கரையறதுக்குள்ள எடுத்து சாப்பிடணும் அண்ணி. மழை பேஞ்சா இன்னும் நல்லா இருக்கும்."

"மழைக்கு எங்க போறது? ரெண்டு பேருக்கு எடுத்துகினு வா."

அக்காவின் வர்க்கி டீக்குள் விழுந்துவிட்டது. ரீட்டா ஸ்பூனால் அதை எடுத்து ஊட்டினாள். அன்றிலிருந்து தினமும் அந்த நேரத்துக்கு இருவருக்கும் டீ. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கதவருகே போனாலே, "இன்னாடா, உனக்கு வேல இல்லியா?" என்று அக்கா விரட்டிவிடுவார். அத்தனை வருஷங்களில் நான் சந்தோஷமாகத் திட்டு வாங்கியது அந்த நாட்களில்தான். ஒரு காலையில், ரீட்டாவும் கௌதமியும் இரண்டு பக்கமும் இருக்க, அக்கா அமைதியாகக் கண்மூடினார்.

ஆகவே இன்று பந்தியில் கருவாட்டுக் குழம்பைத் தேடியவர்களுக்கு முத்தே வைத்ததன் காரணம் இதுதான். தயவுசெய்து மெல்ல வேண்டாம். டீயும் வர்க்கியும் சாயங்காலம் வரும்.

முத்தே கிண்ட விடியலிலேயே வந்துவிட்ட ஜெயம்மாவுக்கும், ரயில் தோழிகளுக்கும், கனிவோடு கவனித்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், வந்தனம் சொல்லிவைத்த பிக்கு பந்தேஜிக்கும், எங்கள் துக்கத்தில் தோள் கொடுத்த ஸ்கெலட்டன் மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த வரிசையில் ரீட்டாவின் பெயரையும் எழுதி, அவளிடம் படித்துக் காட்டினேன். அடித்துவிடச் சொன்னாள்.

"எனக்கு எதுக்கு நன்றி? வந்த நாள்லேர்ந்தே எனக்கு அண்ணியைப் பிடிக்கும். நீங்க யாரும் கேக்கல."