தோணியில் போன சட்டை

இந்த ஊரில் சட்டை என்றால் ஆண்கள் போடுவது; அங்கே நாம் சேட்டு என்போமே, அது. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இருக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்களுக்கும் வந்தது, ஆனால் போர்டு மாட்டிய பிறகு. ‘இங்கு சட்டை தைக்கப்படும்’ என்று நான்தான் எழுதினேன். நம் வழக்கப்படி சட்டை என்றால் கவுன் என்று நினைத்து, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தைக்க என் மனைவி பாக்கியம் காத்திருந்தாள். முதலில் வந்ததோ தருவைகுளத்து மீனவர் ஒருவர், கோடு போட்ட துணியோடு.

“அரைக்கை போதும். ரெண்டு பை வச்சிருங்க.”

“சேட்டா?” என்றாள் பாக்கியம்.

“சேட்டு யாரு? எனக்குத்தான். சட்டைன்னு போர்டுல போட்டிருக்குலா.”

வந்த துணியைத் திருப்பி அனுப்ப அவளுக்கு மனமில்லை. என் பழைய சேட்டு ஒன்றைப் பிரித்துப் பார்த்தே வெட்டுமுறையைப் பழகிக்கொண்டாள்.

இந்தியப் பிரஜைகள் என்று எங்களைக் கப்பலேற்றியபோது கூடவே வந்த பெரிய சொத்து அவளுடைய தையல் மெஷின்தான். கொழும்பில் அது பின் விறாந்தையில் விசாலமாக நின்றது. இங்கே ஒரு அறை, ஒரு அடுப்படி, ஒரே ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே எங்கள் கட்டில். “வெளிச்சமில்லாம நூல் கோக்க முடியாதுங்க” என்றாள். கட்டிலைக் கழற்றி, அந்தப் பலகைகளிலேயே துணி வெட்ட ஒரு மேசை அடித்துக் கொடுத்தேன். தைத்து முடித்தவற்றைத் தொங்கவிட, சுவருக்குச் சுவர் கயிறு கட்டினாள். உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் நான் இடுப்பில் கட்டும் சாரம் ஒன்று மெஷினுக்குப் போர்வையானது. நாங்கள் அதன் காலடியில் பாய் விரித்துப் படுத்தோம்.

எனக்கு உப்பளத்தில் மூடை தைக்கும் வேலை. நானும் நாள் முழுக்க ஊசிதான் பிடிக்கிறேன். என் தையலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாலையில் வந்தால் வாசலில் யாருடையவோ செருப்புகள் கிடக்கும். உள்ளே யாரோ ஒருவர் கையை விரித்து நிற்பார். பாக்கியம் நாடாவால் அளந்துகொண்டிருப்பாள். அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். ஊர் அவளை டெய்லரக்கா என்றது. என்னை டெய்லரக்கா வீட்டுக்காரர் என்றது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கபிரியேல் வந்தபோதுதான் முடியவில்லை. அவர் கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகும் தோணியின் தலைவர்; தண்டல் என்பார்கள்.

“காலர் வெறைப்பா நிக்கணும் தங்கச்சி. அங்கன எறங்கி நடக்கணும்லா” என்றார்.

பாக்கியம் கையிலிருந்த நாடாவை மறந்து கேட்டாள்: அந்தோனியார் கோயிலுக்கு இன்னும் அவ்வளவு கூட்டமா? ஜிந்துப்பிட்டி முக்கில் வடை போடுகிறார்களா? அவர் சொல்லச் சொல்லச் சிரித்தாள். இங்கே வந்தபின் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. என்னிடம் அவள் கொழும்பைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அவர் போனதும் கேட்டேன். “அந்தாளுகிட்டதான் ஊர்க்கதை பேச வருமா?”

அவள் மெஷினை நிறுத்தவில்லை. “உங்ககிட்ட ஒருதரம் பேசினேன். மறுநாள் பூரா நீங்க சாப்பிடல. வேற யாருகிட்டங்க பேச?”

அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் மாலை சட்டை தயாராகிக் கயிற்றில் தொங்கியது. வெள்ளைத் துணி, காலர் விறைப்பாக நின்றது. பாக்கியம் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். எடுத்துப் போட்டுக்கொண்டேன். தோள் சரியாக இருந்தது, கைதான் சற்று நீளம். பித்தான்களைப் போட்டு ஜன்னலருகே நின்றேன். அடுத்த வாரம் இது கொட்டாஞ்சேனையில் நடக்கும். இதை யாரும் எந்த நாட்டுப் பிரஜை என்று கேட்கப்போவதில்லை. ஒரு மனிதன் மேல் எரிச்சல்பட்டதுண்டு. துணியின் மேல் பொறாமைப்பட்டது அன்றுதான்.

குடத்தோடு வந்தவள் பார்த்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“உங்களுக்கும் இதே துணியில ஒண்ணு தச்சுத் தாரேன்.”

“அது இங்கதான கெடக்கும்.”

அவள் குடத்தை இறக்கினாள். கிட்டே வந்து பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அதிலிருந்த என் உடம்புச் சூடு ஆறுவதற்குள் சட்டையை மடித்து, தண்டலிடம் கொடுக்கக் காகிதத்தில் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டினாள்.