ஹன்னாவின் பிள்ளைகளுக்கு ஓர் இனிஷியல்

மாடிப்படிக்குக் கீழே உள்ள குழாயில் மாரிக்கனி கால் கழுவிக்கொண்டிருந்தால், மேலே ஓர் உயில் முடிந்துவிட்டது என்று அர்த்தம். கணுக்கால் வரை நனைத்து, தலையிலும் இரண்டு சொட்டுத் தெளித்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி படியேறி வருவார். யாராவது சிரித்தால் கோபம் வந்துவிடும். "காலையில இருந்து சாவு வீட்டுல உக்காந்துருக்கேன். கால் கழுவாம அடுத்த சாவுக்கு எப்படிப் போக?"

நாற்காலியில் உட்கார்ந்ததும் அடுத்த உயிலைத் திறப்பார். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, "சரி, நீரு யாரு பெத்த பிள்ளை?" என்று திரையைப் பார்த்துக் கேட்பார். கேட்கப்பட்டவர் அமெரிக்காவில், வர்ஜீனியாவில், இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் புகையிலைத் தோட்டம் வைத்திருந்து செத்துப் போனவர்.

ராஜபாளையத்தில் மருத்துவத் துணிகள் அடுக்கி வைத்திருக்கும் ஒரு கிட்டங்கியின் மாடியில் இருக்கிறது அந்த டேட்டா என்ட்ரி சென்டர். வெளுத்த பருத்தியின் வாசனை எப்போதும் மேலே ஏறி வந்துகொண்டிருக்கும். வம்சம் தேடுகிற அமெரிக்கர்களுக்காக அந்த நாட்டுக் கம்பெனி ஒன்று பழைய உயில்களையெல்லாம் படம் பிடித்து அனுப்புகிறது. இங்கே உள்ள பெண்கள் அதைப் படித்து, அதில் வருகிற மனிதர்களின் பெயர்களைக் கட்டம் கட்டமாகத் தட்டிக் கொடுக்க வேண்டும். யாரோ ஒருவர் அங்கே தன் பாட்டனின் பெயரைத் தேடும்போது, மம்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்த மாரிக்கனி தட்டிய எழுத்துதான் அவருக்கு முன்னால் வந்து நிற்கும். நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நடத்துகிற சின்ன மாத இதழுக்கும் அங்கேதான் தட்டச்சு. பக்கங்கள் தயாராகும்வரை மாரிக்கனிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கதை கேட்பது என் வாடிக்கையாகிவிட்டது. இதழ் தாமதமாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாரிக்கனிக்கு நாற்பதைத் தாண்டிய வயது. தபால் வழியில் வரலாறு படித்தவர். கணவர் ராணுவத்தில், ஜம்முப் பக்கம். வீட்டில் மாடுகள் உண்டு, நிலம் உண்டு, கணவரின் அண்ணன் உண்டு. வேலைக்குப் போகிறேன் என்று இவர் கேட்டபோது அந்த அண்ணன் ஒரு நிபந்தனை போட்டுத்தான் அனுப்பினாராம். "அங்க எவன்கிட்டயாவது நீ ஒரு ஏச்சு வாங்குனன்னு என் காதுல விழுந்துச்சுன்னா, மறுநாளு தொழுவத்துல நிக்கணும்." மாரிக்கனி அதைச் சொல்லும்போது சிரிப்பார். ஆனால் சூப்பர்வைசர் வேல்சாமி அவர் பெயரைச் சற்று உரக்கக் கூப்பிட்டாலே முகம் வெளுத்துவிடும். "மாடு எனக்குப் பிடிக்கும் சார். நல்ல சீவன். ஆனா அதுகிட்ட என்னத்தப் பேச? இங்க வந்தா நாலு பேரு கதை தெரியுது. செத்தவன் கதையா இருந்தா என்ன!"

இறகு மெத்தை என்றால் அவருக்கு ஒரே கொண்டாட்டம். அந்தக் காலத்து உயில்களில் பெரும்பாலும் மெத்தை வரும். நிலமும் குதிரையும் பிள்ளைகளுக்கு, மெத்தை பெண்டாட்டிக்கு. "அதுவும் விதவையா இருக்குற வரைக்குந்தானாம் சார். மறுகல்யாணம் கட்டிக்கிட்டா மெத்தையப் பிடுங்கிரணுமாம். செத்தும் இவனுக்குப் பொறாமை போகல பாரும்!" செப்புப் பாத்திரம், ஈயத்தட்டு, ஆறு நாற்காலி, ஒரு கிழட்டுக் குதிரை என்று படித்துக்கொண்டே போவார். ஊரில் பாகப்பிரிவினைக்குப் போய் உட்கார்ந்த பெரியம்மா மாதிரி, எந்த மகனுக்கு ஓரவஞ்சனை, எந்த மருமகன் கெட்டிக்காரன் என்று அவ்வப்போது தீர்ப்பும் சொல்வார்.

ஒருநாள் ஈயத்தட்டுக்கும் பசுமாட்டுக்கும் நடுவில் ஹன்னா வந்தாள்.

தோட்டக்காரர் எழுதியிருந்தது இவ்வளவுதான். ஹன்னா என்ற அடிமைப் பெண் என் மனைவிக்கு. அவள் மகள் டைனா என் மகள் மார்த்தாவுக்கு, கல்யாணச் சீராக. அவள் மகன் கேட்டோ என் மூத்த பையனுக்கு. இனிமேல் ஹன்னாவுக்கு ஏதாவது பிறந்தால், அந்தப் 'பெருக்கமும்' என் மனைவிக்கே.

மாரிக்கனி அதை இரண்டு தடவை படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சார், இந்தப் 'பெருக்கம்'ங்கற வார்த்தைய கீழ பசுவுக்கும் போட்டிருக்கான். பிள்ளைத்தாச்சிக்கும் அதையேதான் போட்டிருக்கான். நான் சரியாத்தான் படிக்கேனா?" சரியாகத்தான் படிக்கிறீர்கள் என்றேன். அன்று அவர் கால் கழுவப் போனபோது வெகு நேரம் குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

திரையில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். அடிமைகளுக்குக் குடும்பப் பெயர் எழுதியிருக்காது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட வேண்டும் என்பது கம்பெனியின் விதி. மாரிக்கனிக்கு அதுதான் கை வரவில்லை. நம் ஊரில் யாருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? ஆனால் இனிஷியல் இல்லாமல் ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியுமா, ரேஷன் கார்டில் ஏற்ற முடியுமா? மொட்டையாக ஒரு பெயரைப் பார்த்தால் அவருக்குச் சட்டை போடாத பிள்ளையைத் தெருவில் பார்த்ததுபோல் இருந்திருக்கிறது. அப்பன் யாரென்று உயிலில் இல்லை, ஆத்தாள் பெயர் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் ஹன்னாவின் முதல் எழுத்தைப் போட்டார். எச். டைனா. எச். கேட்டோ. அதன் பிறகு வந்த எல்லா உயில்களிலும் தாய் பெயர் தெரிந்த பிள்ளைகளுக்கெல்லாம் இதே வேலைதான். தப்புச் செய்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. பிள்ளைக்கு இனிஷியல் போடுவதை யாராவது போய்ச் சொல்லிக்கொண்டிருப்பார்களா?

அந்த நாட்களில்தான் அவர் வீட்டில் ஒரு சின்னச் சண்டையும் நடந்தது. மாமனார் ஏழு தலைமுறைப் பெயரையும் மூச்சுவிடாமல் சொல்லக்கூடியவர். குலசாமி கோயிலில் அவர் அதைச் சொல்லி முடித்து மீசையைத் தடவியபோது, மருமகள் கேட்டிருக்கிறார், "இவிய ஆத்தாமாரு பேரெல்லாம் என்ன மாமா?" யாருக்கும் தெரியவில்லை. மாமனாருக்குத் தன் தாய்க்கு மேலே ஒரு பெயரும் வரவில்லை. "ஏழு தலைமுறையும் ஆம்பளைக்கு ஆம்பளையே பிள்ளை பெத்துப் போட்டாவளோ?" என்று இவர் கேட்க, பொங்கல் பானையை விட்டுவிட்டு ஆண்களெல்லாம் எழுந்து போய்விட்டார்களாம்.

அமெரிக்காவிலிருந்து பிழை திருத்துகிறவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். உயிலில் இல்லாத எழுத்தை இருப்பதாகக் காட்டியது பெரும் பிழை என்று மாரிக்கனியின் பெயருக்கு எதிரே சிவப்பு விழுந்தது. வேல்சாமி செட்டியார்பட்டிக்காரன், நல்ல பையன். அவனுக்கு மேலே இருந்து வந்த வசவை அவன் கீழே இறக்க வேண்டியிருந்தது. "யக்கா, என்னத்த யோசிச்சு இதப் போட்டீய? மொத்த சென்டருக்கும் மார்க்கு போச்சு. உக்காந்து எல்லாத்தையும் எடுங்க. இன்னொரு வாட்டி வந்துச்சுன்னா உங்க ஐடிய அங்கயே பூட்டிருவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

மாரிக்கனி ஒவ்வொன்றாகத் திறந்து எடுத்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கு வேலை முடிந்தும் எழுந்து போக மனம் வரவில்லை. கேட்டோவின் எழுத்தை அழித்துவிட்டுக் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த ஆளு உயில எழுதி ஆத்தாளையும் பிள்ளையயும் பிரிச்சான். நான் பட்டனத் தட்டிப் பிரிக்கேன். என்ன வித்தியாசம் சார்?"

விதி என்றால் விதிதானே என்று ஏதோ முனகினேன். அது எனக்கே பிடிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், கறுப்பினப் பெண்மணி, வர்ஜீனியாவிலிருந்து கம்பெனிக்கு எழுதியிருந்தார். கம்பெனி அதை வேல்சாமிக்குத் தள்ளியிருந்தது. தன் முன்னோர்களில் ஒருத்தியான டைனா சிறு பிள்ளையாக இருக்கும்போதே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, மார்த்தா என்கிறவளின் கல்யாணச் சீரோடு போனவள் என்பது மட்டும் அவர்கள் வீட்டில் தெரியும். தாய் யார் என்று தெரியாது. டைனா என்று தேடினால் குடும்பப் பெயரில்லாத டைனாக்கள் கணக்கில்லாமல் வருகிறார்கள். ஒரே ஒரு டைனாவுக்கு முன்னால் மட்டும் எச் என்று ஓர் எழுத்து இருந்ததைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். மறுபடி தேடும்போது அந்த எழுத்தைக் காணவில்லை. அந்த எச் யார், அதை ஏன் எடுத்துவிட்டீர்கள் என்று கேட்டிருந்தார்.

புகார் என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தோம். "போச்சு, தொழுவந்தான்" என்றார் மாரிக்கனி. பிறகு அவர் தமிழில் சொல்ல, வேல்சாமி ஆங்கிலத்தில் தட்டினான். "எங்க ஊர்ல பிள்ளை பேர எழுதுனா பெத்தவிய எழுத்த முன்னால போடுவோம்மா. அது உங்க வழக்கம் இல்லன்னு எனக்குத் தெரியாது. அவ ஆத்தா பேரு ஹன்னா. அதே உயில்ல முந்தின பக்கத்துல இருக்கு. டைனாவுக்கு ஒரு தம்பியோ அண்ணனோ உண்டு, கேட்டோன்னு பேரு. அவனயும் தேடிப் பாருங்க."

பதில் மறுநாள் வந்தது. ஐந்தாறு வரிதான். வேல்சாமி வாய்விட்டு மொழிபெயர்த்தான். ஹன்னா என்ற பெயரைத் தன் பேரப்பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னேன் என்று எழுதியிருந்தார் அந்த அம்மாள். "இன்னொரு தடவை வாசிலே" என்றார் மாரிக்கனி. வாசித்தான். "எனக்கு அழுகையா வருது, நான் செத்த நேரம் வெளிய போய் நிக்கேன்" என்று எழுந்து போய்விட்டார். நான் என் பக்கங்களில் இல்லாத பிழைகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கம்பெனி நன்றி சொன்னது. விதியை மாற்றவில்லை. அந்தச் சிவப்பும் அப்படியே இருந்தது. வேல்சாமி அதைச் சங்கடத்தோடுதான் சொன்னான். "நல்லது நடந்துச்சு, இல்லைங்கல யக்கா. ஆனா மறுபடி போட்டுராதிய. அடுத்தது வந்தா நேரா பூட்டுதான்." மாரிக்கனி தலையாட்டினார். நாலைந்து நாள் ஒழுங்காகத்தான் இருந்தார். மொட்டைப் பெயர்களை மொட்டையாகவே தட்டினார். தட்டும்போது உதடு மட்டும் தாயின் பெயரை முணுமுணுக்கும்.

போன வியாழக்கிழமை நான் போயிருந்தபோது வேறொரு தோட்டக்காரரின் உயில் ஓடிக்கொண்டிருந்தது. ஜூடித் என்ற அடிமைப் பெண் மூத்த மகனுக்கு. அவள் மடியில் கிடக்கும் கைக்குழந்தை, இன்னும் பெயர் வைக்கப்படாதது, பால்குடி மறந்ததும் என் தங்கைக்கு.

பெயர் இல்லாதவர்களுக்கும் விதி உண்டு. 'தெரியவில்லை' என்று ஒரு சொல் தயாராக இருக்கும், அதைத் தொட்டால் போதும். மாரிக்கனியின் விரல் அதன்மேல் போய் நின்றது. இரண்டு மேசை தள்ளி வேல்சாமி யாருக்கோ ஏதோ காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். மாரிக்கனி அவனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

விரலை அங்கிருந்து எடுத்து, ஜே என்று ஓர் எழுத்தைத் தட்டினார். அதன் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். பெயர் வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, அனுப்பிவிட்டார்.