என் வீட்டுக்கு நான் வழிகாட்டியாகப் போன நாள்

பொறுப்பான பயணம் என்ற சொல்லை நாள் முழுக்கச் சொல்லிப் பிழைக்கிறவன் நான். புதுச்சேரியில் ஒரு சின்னச் சுற்றுலா நிறுவனத்தில் வழிகாட்டி. காலையில் பீச் ரோட்டில் ஆட்களைச் சேர்த்து, மஞ்சள் சுவர்த் தெருக்களைச் சுற்றிக் காட்டிவிட்டு, மதியம் யாராவது ஒரு மீனவர் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போவேன். ஏசி கார் கிடையாது, டவுன் பஸ்தான். பிளாஸ்டிக் பாட்டில் கிடையாது. ஓட்டலுக்குப் போகவேண்டிய காசு நேரே சமைத்துப் போடுகிற பெண்ணின் கைக்குப் போய்விடும், நடுவில் யாரும் கை வைக்க முடியாது. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

கிளம்புவதற்கு முன் சின்னதாக ஒரு சொற்பொழிவும் நடக்கும். நாம் போவது ஒருவருடைய வீடு, கண்காட்சி இல்லை. கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அந்த அம்மாவின் முகம் பார்த்துப் பேசுங்கள், அவருடைய வாழ்க்கையைப் பற்றிக் கேளுங்கள். இதைச் சொல்லும்போது என் குரல் தானாகவே கனத்துவிடும். கேட்பவர்கள் பயபக்தியோடு தலையாட்டுவார்கள்.

போன தை மாதத்தில் புனேயிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், நல்ல மனிதர்கள். நடந்ததில் அவர்கள் மேல் பழி போட ஒன்றுமே இல்லை. அன்றைக்குப் பார்த்து, பிள்ளைச்சாவடியில் வழக்கமாக எங்களுக்குச் சமைக்கிற அம்மா, சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து என்று கடலூர் போய்விட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் அதே ஊரில் இன்னொரு வீட்டுக்குப் போன் போட்டேன். அது என் அம்மாவின் வீடு.

"ரெண்டு பேருக்குச் சமைக்க முடியுமாம்மா?"

"ரெண்டு பேரு இன்னாடா, இருபது பேருன்னாலும் ஆக்கிப் போடறேன். கூட்டினு வா."

அவள் மீன் விற்கிறவள். அப்பா போன பிறகு அந்த வியாபாரத்தில்தான் என்னைப் படிக்க வைத்தாள். அன்றைக்கு எனக்காக மார்க்கெட்டுக்குப் போகவில்லை.

பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த புனே அம்மா திரும்பி, உங்களுக்கு எந்த ஊர் என்று கேட்டார். லாஸ்பேட்டை என்றேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது, அங்கேதான் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். கல்லூரியில் சேர்ந்த புதிதில், என் பக்கத்தில் உட்கார்ந்தவன் மீன் வாடை அடிக்கிறது என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு இடம் மாறினான். அன்றிலிருந்து யார் கேட்டாலும் வாயில் அந்த ஊர்தான் வருகிறது. ஆனால் அவன் தலையில் இதையும் கட்டுவது நியாயமில்லை. எனக்கு வயது முப்பதைத் தொடப்போகிறது. பஸ் காலாப்பட்டு ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது, நாம் போவது என் வீட்டுக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இறங்கியபோதும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அம்மா விசேஷத்துக்குக் கட்டுகிற புடவையில் வாசலிலேயே நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, "வந்துட்டியா, பஸ்ஸு..." என்று ஆரம்பித்தாள்.

நான் இரண்டு கையையும் கூப்பி, "வணக்கங்க" என்றேன்.

பெற்றவளுக்கு யாராவது அப்படி வணக்கம் வைப்பார்களா? அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள், பின்னால் நின்ற இருவரையும் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. விளங்கிவிட்டது. பிறகு அவளும் கை கூப்பினாள்.

"வாங்க சார். உள்ள வாங்க."

சார் என்றது என்னை. அவர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். நாங்கள் நுழைந்தபோது, பட்டமளிப்பு அங்கியில் நான் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும் படம் சுவரில் இல்லை, ஆணி மட்டும் இருந்தது. நான் கேட்காமலே என் பொய்க்கு அவள் உடந்தையாகிவிட்டாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். கழுவின கையோடு இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

சங்கரா மீன் குழம்பு, நெத்திலி வறுவல். என் இலையில் மட்டும் நெத்திலி குவிந்து கிடந்தது. "போதுமா சார்?" என்று கேட்டாள். நான் நிமிர்ந்து பார்க்காமல் தலையாட்டினேன்.

புனேக்காரர்கள் காலையில் நான் பாடம் நடத்தினபடியே அவள் முகம் பார்த்துப் பேசினார்கள். கடல் வீடு வரைக்கும் வந்துவிடுமா, மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். அவள் சொன்னாள், நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு புனே அம்மா, உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். தமிழில் அதைக் கேட்டவன் நான்.

"ஒரே பையன் சார். டவுன்ல வேல."

பார்க்க வருவானா என்று அடுத்த கேள்வி. கேட்கும்போதே அந்த அம்மாவின் குரல் இறங்கியிருந்தது. தன் மகன் வெளிநாட்டில் இருக்கிறான், எப்போதாவதுதான் பேசுவான் என்றார். அதையும் சேர்த்தே சொன்னேன்.

வணக்கம் வைத்த பிறகு முதல் தடவையாக அம்மா என்னை நேராகப் பார்த்தாள்.

"வருவான். வேல அதிகம், அதான். அவன் மேல தப்பு ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க சார்."

அவருடைய பையனுக்கு வேலை அதிகமாம், என்றேன் ஆங்கிலத்தில். தப்பைப் பற்றி அவள் சொன்னது என் வாயில் வரவில்லை. புனே அம்மா என் பக்கம் சாய்ந்து, பாவம், அவனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள், எல்லா அம்மாக்களும் இப்படித்தான் என்றார்.

"இன்னா சொல்றாங்க சார்?" என்றாள் அம்மா.

"கொழம்பு நல்லா இருந்துச்சாம்."

அவர்கள் கிளம்பும்போது அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். இந்தியாவிலேயே இவ்வளவு உண்மையான விருந்தை வேறெங்கும் பார்க்கவில்லை என்று அவர்கள் எங்கள் நிறுவனத்துக்கு எழுதினார்களாம். என் மேலாளர் தோளில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டலை வாங்கிக்கொண்டு நின்றேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று தனியாகப் பிள்ளைச்சாவடிக்குப் போனேன். அம்மா வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, என் தோளுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள். கூட யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான், "சாப்ட்டியாடா?" என்று கேட்டாள்.