யாருக்கும் சொந்தமில்லாத கோட்டு

அந்த வருஷங்களில் எங்கள் தெருவுக்குப் பத்திரிகை வாசித்துச் சொல்வது என் வேலை. எட்டாம் வகுப்பு வரை படித்தவன் என்று என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கும் அது தோதாக இருந்தது. நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு இன்றுவரை வராது. பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டால் முகம் மறைந்துவிடும், குரல் மட்டும் வெளியே போகும்.

அருப்புக்கோட்டையில் வீட்டு வரியைக் கூட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்த சமயம். எங்கள் ஊருக்கு மதுரையிலிருந்து இரண்டு பத்திரிகைகள் வரும். ஒன்று ஏழைகளின் கட்சி. அதில் வாரம் ஒரு படம் போடுவார்கள். பணக்காரர் என்றால் தொந்தி, மூடாத கோட்டு, கடிகாரச் சங்கிலி. ஏழை என்றால் விலா எலும்பும் கோவணமும். மற்றது வியாபாரிகளின் கட்சி. அதில் ஏழை காப்பிக் கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். பணக்காரர் வரி மூட்டையைச் சுமந்து முதுகு வளைந்து நிற்பார்.

இரண்டு படமும் எங்கள் ஊருக்குப் பொருந்தவில்லை. நான் கூலிக்கு நெய்த முதலாளிக்குப் பெரிய மாடி வீடும் இரண்டு ஜவுளிக் கடையும் இருந்தன. ஆனால் ஆள் ஊதினால் பறந்துவிடுவார். எனக்கோ கம்மங்கூழ் குடித்தே தொந்தி விழுந்திருந்தது. நான் படத்தைக் காட்டும்போதெல்லாம் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், படத்தையும் என் வயிற்றையும் மாறி மாறிப் பார்ப்பார்.

"ஏன் மாப்ளே, ஒங்கள வரையறதுக்கு ஒரு வார்த்த கேட்டாகளா?"

கூட்டம் சிரிக்கும். நான் பத்திரிகையை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொள்வேன்.

எனக்கு அந்த வரியில் சொந்தக் கவலை ஒன்று இருந்தது. முன்னறைக்கு மட்டும் கூரையைப் பிரித்து ஓடு போட்டிருந்தேன். பில் கலெக்டர் தெருவில் நின்று அதைப் பார்த்துவிட்டு, முழு வீட்டையும் ஓட்டு வீடு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்த வரி நிலைத்தால் வீட்டில் பாதியை வாடகைக்கு விட வேண்டும். குடிவர ஒருவர் தயாராக இருந்தார், என் மச்சான். அவர் பேச ஆரம்பித்தால் தறிச் சத்தமே கேட்காது. நான் ராத்திரி பகலாக யோசித்து ஆட்சேப மனு ஒன்று எழுதிப் போட்டேன். இரண்டு வாரத்தில் விசாரணை என்று பதில் வந்தது.

இதற்கிடையில் ஏழைகளின் பத்திரிகையிலிருந்து ஒரு நிருபரும் போட்டோ பிடிப்பவரும் வருவதாகச் செய்தி வந்தது. ஒரு பணக்காரரையும் ஓர் ஏழையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடிப்பார்களாம். பணக்காரருக்கு என் முதலாளியைக் கேட்டிருந்தார்கள். ஏழைக்குத் தெருவில் கூடிப் பேசி என்னைச் சொல்லிவிட்டார்கள். சொன்ன இடத்தில் சத்தமில்லாமல் நிற்பான் என்பது காரணம்.

எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. என் மனைவி அன்று சொன்னதைத் தமிழில் எழுதினால் பாதிக் காரம் போய்விடும். ஆனாலும் எழுதுகிறேன்.

"கல்யாணத்துக்கும் போட்டோ எடுக்கல. செத்தாத்தான் எடுப்பீகளா? செவத்துல மாட்டப்போற படம். கந்தலோட போயி நின்னா பாக்குறவுக என்னயத்தான் ஏசுவாக."

போட்டோ என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் இருக்கிற துணியோடு போய் நிற்பதில்லை. இரவல் வாங்கியாவது உடுத்திக்கொண்டுதான் நிற்பார்கள். ஆகையால் அவள் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. பெட்டியில் இருந்த சரிகை வேட்டியை எடுத்தாள். கோட்டுக்கு முதலாளியிடம் போனேன். தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எடுத்துட்டுப் போப்பா," என்றார் உடனே. "அன்னைக்கி எனக்கு அது வேண்டியதில்ல."

ஏன் வேண்டியதில்லை என்பது படம் பிடிக்கிற அன்றைக்குத்தான் தெரிந்தது. அவரும் வரிக்கு ஓர் ஆட்சேப மனு போட்டிருந்தார். ஒட்டுப் போட்ட வேட்டி, ஓட்டை விழுந்த துண்டு, நாலு நாள் தாடி, வெறுங்கால். மோதிரத்தைக் கழற்றிவிட்டு வந்திருந்தார். விரலில் அது இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

நான் அவருடைய கோட்டில் நின்றேன். பொத்தான் எதுவும் வயிற்றுக்கு எட்டவில்லை. திறந்தே விட்டிருந்தேன்.

நிருபர் எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தன் பத்திரிகையின் படங்களைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் பழகியிருக்க வேண்டும். நேராக என்னிடம் வந்து கும்பிட்டார்.

"முதலாளி, நெஞ்ச நிமித்திக்கங்க."

பிறகு முதலாளியின் தோளில் கை வைத்தார்.

"ஏம்ப்பா, நீ தலையக் குனிஞ்சுக்க. இன்னும் கொஞ்சம்."

முதலாளி கேட்டதற்கு மேலேயே குனிந்தார். நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், காற்று வந்தது. அதற்குள் படம் பிடித்து முடித்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் அந்தப் பத்திரிகையை நானே கூட்டத்துக்கு வாசிக்க வேண்டியதாயிற்று. படத்துக்குக் கீழே, 'கொழுத்த ஜவுளி முதலாளியும், அவருக்கு நெய்து தேய்ந்த தொழிலாளியும்' என்று போட்டிருந்தது. சத்தம் போட்டு வாசித்தேன். வேறு வழியில்லை. மச்சான் எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"முதலாளி, நமக்கு ஒரு தறி போட்டுக் குடுங்க. ஒங்க தயவு."

அத்தோடு போகவில்லை. வியாபாரிகளின் பத்திரிகை அதே படத்தைப் பார்த்துவிட்டு, முதலாளியின் முகத்தில் எவ்வளவு கருணை, நெசவாளியின் கண்ணில் எவ்வளவு கள்ளம் என்று எழுதியது. கருணை என் முகத்தில் இருந்ததாம். நரிக்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் பத்திரிகையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, மகனுக்குக் கடையில் வேலை கேட்டுச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். சோறு போட்டு அனுப்பினோம்.

விசாரணை நாளன்று, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கோட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். நகரசபைத் தாழ்வாரத்தில் முதலாளி அதே ஒட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்தார். கமிஷனர் மேஜையில் பத்திரிகை விரிந்து கிடந்தது.

"இது நீர்தானே?"

"ஆமாங்க."

"இந்தக் கோட்டப் போட்டு நின்னுட்டு, வீடு ஒழுகுதுன்னு எழுதியிருக்கீரே."

அன்று எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. மச்சான் பாயையும் பெட்டியையும் ஏற்கெனவே கட்டி வைத்திருந்தார். அதை நினைத்துக்கொண்டேன்.

"கோட்டு என்னுது இல்லீங்க. முதலாளியோடது. வெளிய இருக்காக."

முதலாளியைக் கூப்பிட்டார்கள். வந்து, நான் துண்டிலிருந்து எடுத்து வைத்த கோட்டைப் பார்த்தார். அவர் கண்ணில் ஆசை தெரிந்தது, நான் பார்த்தேன்.

"எங்கிட்ட ஏதுங்க கோட்டு? நானே பாடுபட்டுப் பொழைக்கிறவன்."

கமிஷனர் எங்கள் இருவரின் உடம்பையும் அளந்து பார்த்தார். பிறகு என்னிடம், "போட்டுக் காட்டும்," என்றார். போட்டேன். பொத்தானுக்கும் துளைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கழற்றி முதலாளியிடம் கொடுக்கச் சொன்னார். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கையை நுழைத்தார். பழக்கம் விடவில்லை. மூன்று பொத்தானையும் குனிந்து பார்க்காமலே போட்டு, கழுத்துப் பட்டியை ஒரு தட்டுத் தட்டி, முழங்கை மடிப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். தோள் அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது.

கமிஷனர் சிரிக்கவில்லை. பில் கலெக்டரை அனுப்பி என் வீட்டை உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னார். முன்னறை தவிர மற்றதெல்லாம் கூரை என்று எழுதி வந்தது. பழைய வரியே போதும் என்று தீர்ப்பானது. முதலாளியின் மனு தள்ளுபடி ஆகிவிட்டது. மச்சான் பெட்டியை அவிழ்த்துவிட்டு என்னோடு மூன்று நாள் பேசவில்லை. அந்த மூன்று நாளும் நன்றாக இருந்தன.

அன்று விசாரணை முடிந்து வெளியே வந்ததும், முதலாளி மேஜைமேல் கழற்றிப் போட்டுவிட்டு வந்த கோட்டை எடுத்து அவரிடமே நீட்டினேன். தாழ்வாரத்தில் பில் கலெக்டர் நின்றிருந்தார்.

"அது எனக்கு எதுக்குப்பா?" என்றார் முதலாளி ஊருக்கே கேட்கும்படி. பிறகு மெதுவாக, "ஈரத்துல வச்சிராத," என்றார்.

கோட்டு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. இரண்டு மூன்று தடவை கொண்டுபோனேன். கடையில் எப்போதும் யாராவது இருப்பார்கள், அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிடுவார். படத்தை என் மனைவி கீழே இருந்த எழுத்தை வெட்டிவிட்டுச் சட்டம் போட்டு மாட்டினாள். வருகிறவர்கள், பக்கத்தில் நிற்கிற அந்தப் பாவப்பட்ட மனுஷர் யார் என்று கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமை நெய்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது முதலாளி மடிப்பைப் பிரித்துப் பார்ப்பார், ஓரத்தைத் தடவுவார். கடையில் ஆள் இல்லையென்றால் தலையைத் தூக்காமலே கேட்பார்.

"அது நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு முதலாளி. போன வாரம் வெயில்ல போட்டு எடுத்தோம்."

"சரி சரி," என்பார், கட்டிக்கொடுத்த மகளைப் பற்றி விசாரித்தவர் போல.