ஆளுக்கொரு அடுப்பு

புரோகிராம் எழுதுவது ஒரு தொழில். எவரோ எழுதிவைத்துவிட்டுப் போன புரோகிராமை ஓடவைத்துக்கொண்டே இருப்பது வேறு தொழில். நான் இரண்டாவதில் சிக்கியவள். நீங்களும் அப்படித்தான் என்றால் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

போடியில் ஒரு சின்னக் கம்பெனி எங்களுடையது. மலைமேல் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்கு மென்பொருள் தருகிறோம். அறையில் சூடு கூடினால் போனுக்கு எச்சரிக்கை வரும். கவனிக்காமல் விட்டால் காயின் பச்சை போய்விடும். பச்சை போன காயை ஏலத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். புரோகிராம் இருந்தது பைத்தான் என்ற கணினி மொழியின் இரண்டாம் பதிப்பில். வாங்கிய புதுக் கம்ப்யூட்டரில் வந்ததோ பைத்தான் மூன்று, பழையது அதில் ஓடாது. மாற்றித் தரும் வேலை என் தலையில்.

"போடிமெட்டு ஸ்டோர்ல ஒரு லோடு காய் சேதாரமில்லாம உலர்ந்துட்டா, நீங்க வீட்லருந்தே வேலை பாக்கலாம். இல்லேன்னா தினமும் ஆபீஸ் வந்துருங்கம்மா" என்றார் முதலாளி.

என் பாப்பாவுக்கு எட்டு மாதம். பாட்டிலைக் கண்டால் வாயை இறுக்க மூடிக்கொள்ளும்.

வேன் நிறைய

சூடு அளக்கும் கருவியோடு பேச ஒரு பேக்கேஜ், அதாவது வேறு எவரோ எழுதிவைத்த ஆயத்தப் புரோகிராம், வேண்டும். ஒன்றே ஒன்றைத்தான் கூப்பிட்டேன். அது தனக்கு மூன்று துணை வேண்டும் என்றது. அந்த மூன்றும் ஆளுக்கு நாலைக் கூட்டிவந்தன. திரை ஓடிக்கொண்டே இருந்தது. கான்வென்டில் படித்த பழக்கம், பயம் வந்தால் கை தானாகச் சிலுவை போடும். குங்குமத்தின் மேலேயே போட்டேன். பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"பாப்பா காதுகுத்துக்கு உங்க பெரியம்மாவ மட்டும்தான கூப்பிட்டோம்? இப்பிடித்தான் வேன் நெறைய வந்து எறங்குனாங்க."

முறைப்பு

வந்தவற்றில் இரண்டுக்குள் சண்டை. சூடு அளக்கும் பேக்கேஜ் ஒரு துணைப் பேக்கேஜின் பழைய பதிப்போடுதான் ஓடும். போனுக்குச் செய்தி அனுப்பும் பேக்கேஜ் அதே துணையின் புதுப் பதிப்போடுதான் ஓடும். பழையதைப் போட்டால் செய்தி போகாது. புதியதைப் போட்டால் சூடு தெரியாது. நாலு நாள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஐந்தாம் நாள் கீபோர்டின் மேலேயே கவிழ்ந்து அழுதேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் மாமியார் என்னவென்று கேட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன்.

"ஏத்தா, ஒரே அடுப்படியில ரெண்டும் மொறச்சுக்கிட்டு நிக்குதுன்னா, ஆளுக்கொரு அடுப்பப் போட்டுத் தனியா வையி. ஒங்கொழுந்தன் பொண்டாட்டி வந்தப்ப நாங்க செய்யலையா?"

தொடாதே

அத்தை சொன்னதற்கு எங்கள் தொழிலில் விர்ச்சுவல் என்விரான்மென்ட் என்று பெயர். கல்லூரியில் படித்ததுதான், பயத்தில் மறந்திருந்தேன். இரண்டையும் தனித்தனியே குடிவைத்து, கம்ப்யூட்டரைச் சாக்கில் சுற்றிப் போடிமெட்டு ஜீப்பில் ஏற்றிவிட்டேன். "எதையும் அப்டேட் பண்ணக் கூடாது, யாரும் தொடக் கூடாது" என்று ஒரு சீட்டும் ஒட்டினேன்.

ஸ்டோர் சூப்பர்வைசர் பவுன்ராஜ் அண்ணன் சொன்ன சொல் தட்டாதவர். அன்றே கரண்ட் போய் வந்ததில், எண்டரைத் தட்டச் சொல்லித் திரை நின்றுவிட்டது. போனில் சொன்னார், தட்டுங்கள் என்றேன். மனிதர் கீபோர்டையும் மவுசையும் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். சாவி ஜீப் டிரைவரிடம். ஜீப் ஆள் ஏற்றிவரப் போடிக்கு இறங்கிவிட்டது.

"தாயி, தொடாதன்னு எழுதுனதும் நீங்கதேன், இப்பத் தட்டுங்கன்னு சொல்றதும் நீங்கதேன். ஒரு முடிவுக்கு வாங்க."

சூடு

சாவி வந்தது, எண்டரும் தட்டியாயிற்று. மறுநாள் முதல் லோடு. பழைய கம்ப்யூட்டரையும் பக்கத்திலேயே ஓடவிடச் சொல்லியிருந்தேன். என்மேல் எனக்கு நம்பிக்கை அவ்வளவு. மதியம் பாப்பாவுக்குப் பால் கொடுக்கும்போது போன் அலறியது: சூடு கூடுகிறது. புதுப் பதிப்பு உளறுகிறது. நாளை முதல் பாப்பாவுக்குப் பாட்டில், எனக்கு ஆபீஸ். பவுன்ராஜ் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அது பொய்ச் செய்தியாத்தான் இருக்கும். பழைய கம்ப்யூட்டர் என்ன காட்டுது?"

"எல்லாம் சரிங்குது தாயி. எதுக்கும் வெரசா உள்ள போய்ப் பாத்துட்டு வர்றேன்."

விறகு போடுகிறவர் டீ குடிக்கப் போகும் அவசரத்தில் அடுப்பு நிறையத் திணித்துவிட்டுப் போயிருக்கிறார். பவுன்ராஜ் அண்ணன் பாதியை வெளியே இழுத்துப் போட்டார், காய் தப்பியது. பழைய கம்ப்யூட்டரோ காலையிலிருந்து ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டு உறைந்து கிடந்திருக்கிறது.

"பொட்டி சரியாத்தேன் சொல்லிருக்கு தாயி. நீங்கதேன் அதப் பொய்யின்னுட்டீங்க."

காய் பச்சையாகவே இறங்கியது. வீட்டிலிருந்தே பார்க்கச் சொல்லிவிட்டார் முதலாளி.

தூங்கும் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் இதைத் தட்டும் இந்த ராத்திரியில் நான் கண்டுகொண்டது இவ்வளவுதான்: பாப்பாவும் சரி, புரோகிராமும் சரி, அலறினால் பயமாக இருக்கிறது, அலறாமல் இருந்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது.