குழாயடிக்கு வந்த சிலை

சேலம் ஜில்லாவின் நகரசபை ஒன்றில் நான் ஓவர்சியராக இருந்தபோது நடந்தது இது. யுத்தம் தொடங்கியிருந்த சமயம். ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

ஒருநாள் கல்லுடைக்கிறவர் ஒருவர் மாட்டுவண்டியில் ஆள் உயரப் பலகைக்கல் ஒன்றைக் கொண்டுவந்தார். கல்லின் நடுவைக் குடைந்து, இடுப்பில் குடம் வைத்த ஒரு பெண்ணைச் செதுக்கியிருந்தார். கோயில் சிலையின் சாயல் அதில் இல்லை. பாரத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாயைச் சற்றே திறந்தபடி நின்றாள். அதைக் குழாயடியில் நிறுத்த இனாமாகத் தருகிறேன் என்று யாரையோ கொண்டு எழுதிய மனு ஒன்றைக் கொடுத்தார்.

சபை கூடி ஏற்றுக்கொண்டது. தலைவர் கையெழுத்திட்ட நன்றிக் கடிதத்தை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாம் தடவையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டு போனார். பீடம் கட்டும் பொறுப்பு என்னுடையது. இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தேன். கல் அலுவலகப் பின்கட்டில் சுவரோடு சாய்ந்து கிடந்தது.

கலெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் கடைவீதிச் சாக்கடையின் மூடுகல் வண்டிப் பாரத்தில் உடைந்துபோனது. புதுக்கல் உடனே கிடைக்கவில்லை. நான் பின்கட்டுக்குப் போய் அந்தப் பலகையை அளந்து பார்த்தேன். சரியாக இருந்தது. முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போடச் சொன்னேன். "சிலைங்களே" என்று ஒரு கூலியாள் தயங்கினான். கலெக்டர் போனதும் எடுத்துவிடலாம் என்றேன். கலெக்டரின் கார் அதன் மேல் ஏறிப் போனது. நான் எடுக்கவில்லை.

அடுத்த மாதம் கல்லுடைக்கிறவர் மனைவியோடு வந்தார். இருவரும் வெளுத்த துணி உடுத்தியிருந்தார்கள். அந்த அம்மாள் கையில் ஒரு முழம் கதம்பம் இருந்தது.

"புள்ளையப் பாக்கலாமுங்களா, சாமி?" என்று அவள் கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. அவள்தான் சொன்னாள். அவர்களுக்கு ஒரே மகள். ஏரித் தண்ணீர் சுமந்து வந்து ஊற்றியவள், வாந்திபேதி வந்த வருஷத்தில் போய்விட்டாள். ஊருக்கு நல்ல தண்ணீர் வந்ததும் மகளை அங்கே நிறுத்த வேண்டும் என்று இவர் ராத்திரி பகல் பாராமல் செதுக்கினாராம். மனுவில் இதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

நான் பொய் சொன்னேன். மெருகேற்றச் சேலத்துக்கு அனுப்பியிருக்கிறது என்றேன். அவள் நம்பினாள். கதம்பத்தை என் மேஜையில் வைத்து, வந்ததும் போட்டுவிடச் சொன்னாள்.

கடைவீதி வழியாகத்தான் அவர்கள் திரும்ப வேண்டும். மனம் கேட்காமல் பின்னாலேயே போனேன். அவர் சாக்கடையருகே நின்றுவிட்டார். குனிந்து கல்லின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். மனைவியிடம் ஏதோ சொல்லி அவளை முன்னால் அனுப்பினார். பிறகு என்னைப் பார்த்தார்.

நாளைக்கே எடுத்துத் திருப்பி நிறுத்துகிறேன் என்று உளறினேன்.

"நிறுத்த முடியாட்டிப் பரவால்லைங்க," என்றார். "திருப்பி மட்டும் போட்டுராதீங்க, சாமி. மூஞ்சில மிதிப்பாங்க."

கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னிடம் ஒரு உதவி கேட்பவர் போலத்தான் பேசினார். மனைவிக்குத் தெரிய வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

அன்று மாலையே நாலு ஆளை வைத்துக் கல்லைத் தூக்கியிருக்கலாம். தூக்கினால் யார் போட்டது என்ற கேள்வி வரும். தலைவரிடம் நான் பதில் சொல்ல வேண்டும். அந்த ஒரு பயத்தில் வாரங்களைக் கடத்தினேன். பிறகு ஆத்தூருக்கு மாற்றலானது. பொறுப்பை ஒப்படைத்தபோதும் புதியவரிடம் சொல்லவில்லை.

சில வருஷங்கள் கழித்து அந்த ஊருக்குப் போனேன். கடைவீதியை உயர்த்தித் தார் போட்டிருந்தார்கள். எந்த இடம் என்று தெரியாமல் இரண்டு தடவை நடந்து பார்த்தேன். கல்லுடைக்கிறவர் வீடு எது என்று யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன்.