வடக்கே திரும்பிய ஆன்டெனா

அவள் தையல்காரி. மெஷின் பக்கத்தில், படகுகளின் வயர்லெஸ் பேச்சைப் பிடிக்கும் ஸ்கேனர் ரேடியோ ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். கணவன் சொந்தப் படகில் தனியாக மீன்பிடிக்கப் போகிறவன். போனால் நாலு நாள். படகுக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசுவதற்கு நடுவே எப்போதாவது அவன் குரலும் கரகரவென்று வரும்.

"அண்ணன் குரல் வரலன்னா உங்களுக்குத் தையலே கோணிக்குது அண்ணி," என்று கூடவே இருக்கும் நாத்தனார் கேலி செய்வாள்.

குரல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்றுதான் அவள் அந்த ஆன்டெனாவைச் செய்தாள். வீடியோ பார்த்து, பிவிசி குழாயில் இரும்பு அளவு டேப்பை மூன்று துண்டாக வெட்டிக் கட்டினாள். ஓரத்துப் பெயின்டைச் சுரண்டி ஒயரைப் பற்றவைத்தபோது விரலைச் சுட்டுக்கொண்டாள். முனை காட்டும் திசையிலிருந்து வருவதை நன்றாகப் பிடிக்கும். பின்னாலிருந்து வருவதை அமுக்கிவிடும்.

மறுநாள் காலை மொட்டைமாடியில் அதை ரேடியோவோடு இணைத்து, முனையைக் கிழக்கே, கடலைப் பார்த்துப் பிடித்தாள். மற்ற படகுகள் கணீரென்று கேட்டன. யாரோ அவனை எங்கே இருக்கிறாய் என்று விசாரித்தார்கள்.

"நல்லா ஆழத்துல கெடக்கேன். வர ரெண்டு நாள் ஆகும்."

அவன் குரல் மட்டும் மங்கலாக இருந்தது. மெதுவாகத் திருப்பினாள். வடக்கே, கரையோரமாகத் திரும்பியதும் பக்கத்து அறையில் பேசுவதுபோலக் கேட்டது. கிழக்கே கொண்டுபோனாள், மங்கியது. ஆழ்கடல் இருப்பது கிழக்கே; வடக்கே வெறும் கரைதான்.

"கட்டடத்துல பட்டுத் திரும்பி வருதோ என்னவோ. கீழ வாங்க அண்ணி," என்றாள் நாத்தனார், அவசரமாக.

அவள் வடக்கே போகும் பேருந்தில் ஏறினாள். கரையோரமாக ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிப் பார்த்தாள். நான்காவதில், ஆற்று முகத்துவாரத்தில், அவன் படகு கட்டிக் கிடந்தது. படகுக்கு எதிரே இருந்த வீட்டு வாசலில் அவன் ஒரு சின்னப் பெண்ணுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தான். குழந்தை "அப்பா, வலிக்குது" என்றது.

அவள் அடுத்த பேருந்தில் வீடு திரும்பி நாத்தனாரிடம் கேட்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

நாத்தனார் தலை குனிந்தாள். "அஞ்சு வருஷமா. சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான்..."

"தினமும் என் தட்டுக்கு எதிர்ல உக்காந்து சாப்பிட்டியேடி!"

புருஷன் செய்தது நெஞ்சை அறுத்தது. ஆனால் அவள் வாய்விட்டு அழுதது இவள் மறைத்ததற்காகத்தான்.

இரண்டு நாள் கழித்து அவன் கூடை நிறைய மீனோடு வந்து கதவைத் தட்டினான். அவள் திறக்கவில்லை. வாசலில் அவன் துணி மூட்டையும் தங்கையின் பெட்டியும் இருந்தன.